பார்க்கலாம், பேசலாம், தொடக்கூடாது

1

போன ஞாயிற்றுக்கிழமை கவிதா வாட்ஸப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். தேனியில் என்னோடு கல்லூரியில் படித்தவள். அவள் கணவர் போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறார்.

"எங்க வீட்டுக்காரருக்கு லண்டன்ல ஒரு கம்பெனி லெட்டர் அனுப்பியிருக்காக. பிசினஸ் விசிட்டர் விசாவாம். அதுல வந்தா என்னென்ன வேலை பாக்கலாம்? ஒனக்குத் தெரிஞ்சிருக்கும்னு கேக்கேன்."

பதில் எழுத உட்கார்ந்தேன். வெளியே தூறல். இங்கிலாந்தில் மழை பெய்வதும் இல்லை, விடுவதும் இல்லை. யாரோ ஈரத்துணியை நாள் முழுக்க உதறிக்கொண்டிருப்பது போல ஒரு நசநசப்பு. மகள் நிலா தரையில் படுத்து தனக்குத்தானே ஆங்கிலத்தில் பேசி விளையாடிக்கொண்டிருந்தாள்.

பதில் எனக்கு மனப்பாடம். அந்த விசாவில் வருகிறவர் கூட்டங்களில் கலந்துகொள்ளலாம். விலை பேசலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாம். வாங்குகிறவரின் இடத்தைச் சுற்றிப் பார்க்கலாம், சரக்கைச் சோதித்துப் பார்க்கலாம். கண்காட்சிக்குப் போய்த் தன் சரக்கைப் பற்றிச் சொல்லலாம், ஆனால் அங்கே வைத்து விற்கக் கூடாது. இந்த நாட்டுக் கம்பெனி எதற்கும் வேலை செய்யக் கூடாது. சம்பளம் வாங்கவில்லை என்றாலும் கூடாது. அந்தக் கடைசி வரிதான் ஊர்க்காரர்கள் யாருக்கும் புரியாத வரி. கூலி வாங்காமல் செய்தால் அது உதவிதானே, வேலை எப்படி ஆகும் என்பார்கள்.

இவ்வளவையும் தட்டினேன். படித்துப் பார்த்தேன். அழித்துவிட்டேன். என் அண்ணனும் இதே பட்டியலை ஒப்பித்துவிட்டுத்தான் விமானம் ஏறினார். அதற்கு இந்த மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது.

2

அண்ணன் பெயர் தங்கவேல். ஓடைப்பட்டியில் விதையில்லாத் திராட்சை போட்டிருக்கிறார். அவரும் அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் சிலரும் ஒரு குழுவாகச் சேர்ந்து, முதல் முறையாகக் கப்பலில் பழம் அனுப்பினார்கள். வாங்கியது நாங்கள் இருக்கும் ஊருக்கு வெளியே உள்ள ஒரு கம்பெனி. வெளிநாட்டுப் பழங்களைத் தரம் பிரித்து, சின்ன டப்பாக்களில் அடைத்துக் கடைகளுக்கு அனுப்புகிறவர்கள். அவர்களைத் தேடிப் பிடித்து எழுதிக் கேட்டவள் நான்தான். இங்கே வந்த பிறகு ஊருக்கு நான் செய்த ஒரே உபகாரம் அது என்று நினைத்திருந்தேன்.

பழம் வந்து இறங்கியபோது பல கொத்துகளில் காம்பு காய்ந்து மணிகள் உதிர்ந்து கிடந்தன. கம்பெனி கோபித்துக்கொள்ளவில்லை. "ஒருவர் நேரில் வாருங்கள், பார்த்துப் பேசி அடுத்த பருவத்துக்கு ஒப்பந்தம் போடலாம்" என்று எழுதினார்கள். தங்கச்சி இருக்கிற ஊர் என்பதால் எல்லோரும் அண்ணனைத்தான் சொன்னார்கள். அந்த ஒப்பந்தம் இருந்தால் குழு நிற்கும். இல்லையென்றால் பழையபடி அவரவர் பழம் அவரவர் பாடு, கம்பத்து வியாபாரி சொல்வதுதான் விலை.

விசா வந்ததிலிருந்து தினமும் தொலைபேசியில் அவருக்குப் பாடம் நடத்தினேன்.

"எதுக்கு வந்திருக்கீகன்னு ஏர்போர்ட்ல கேப்பாக."

"பழத்தப் பாக்க. பேச. கையெழுத்துப் போட."

"இங்கன வேலை எதுவும் பாப்பீகளா?"

"ம்... மாட்டேன்."

"சட்டுனு சொல்லணும்ணே. யோசிக்கக் கூடாது."

"ஏத்தா, விடிஞ்சா அடைஞ்சா வேலை பாக்குறவன்ட்டப் போயி வேலை பாப்பியான்னா யோசனை வரத்தான செய்யும்?"

"வெளாடாதண்ணே. பாக்கலாம், பேசலாம், தொடக்கூடாது. அம்புட்டுத்தான்."

"அப்படின்னா எனக்கு எதுக்குத்தா விசா? எங்கூட்டுச் சுவருல மாட்டிருக்க மணியடிக்கிற கடிகாரத்துக்கு வாங்கி அனுப்பிருக்கலாம்ல."

விமான நிலையத்தில் அதிகாரி இரண்டு மூன்று கேள்விதான் கேட்டாராம். வெளியே வந்த அண்ணன் பத்தாம் வகுப்பு முடிவு பார்த்தவர் போல, "பாஸ் பண்ணிட்டேன்த்தா" என்றார். பெரிய கண்டம் அதோடு தாண்டிவிட்டது என்று நினைத்தேன்.

3

கம்பெனிக்குப் போவதற்கு முன் சில நாள் அவர் எங்கள் வீட்டில் இருந்தார். அந்த நாட்களே எனக்கு அபாய மணி அடித்திருக்க வேண்டும்.

இந்த ஊர் மட்டம். எந்தப் பக்கம் பார்த்தாலும் மலை என்று ஒன்று கண்ணில் படாது. முட்டைக்கோஸ் வயலும் வானமும் மட்டும்தான். காலையில் எழுந்து பின்பக்கம் போய் நின்ற அண்ணன், "எங்கனத்தா முடியுது இது?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அவருக்குச் செய்ய ஒன்றும் இல்லை. வேலியில் ஆடிய பலகையை அடித்தார். வெங்காயத்தை எல்லாம் உரித்துவைத்தார். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஏணி போட்டுச் செடி வெட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, போய் ஏணியைப் பிடித்துக்கொண்டார். நான் செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன்.

"அண்ணே, உள்ள வா."

"ஏணியப் பிடிச்சதுக்குமா போலீசு வரும்?"

வராது என்றுதான் நினைத்தேன். நிச்சயமாகத் தெரியாது. இந்த நாட்டில் எனக்கு எதுவுமே நிச்சயமாகத் தெரிவதில்லை. மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கும் என் கணவரின் விசாவில் ஒட்டிக்கொண்டு இருப்பவள் நான். தபாலில் உறை ஒன்று வந்தால் முதலில் பயந்துவிட்டுப் பிறகுதான் பிரிப்பேன்.

நிலாவுக்கு அப்போது நான்கு வயது. நாங்கள் பேசும் தமிழ் அவளுக்குப் புரியும். பதில் ஆங்கிலத்தில்தான் வரும். மாமா ஏன் எப்போதும் நின்றுகொண்டே இருக்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "என்ன சொல்றா?" என்று அண்ணன் என்னைப் பார்த்தார். என் மகளுக்கும் என் அண்ணனுக்கும் நடுவில், என் வீட்டுச் சமையலறையில் நின்று, நான் மொழிபெயர்த்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் என்னைக் கேட்பதை விட்டுவிட்டார். அவள் எதைச் சொன்னாலும் "சரித்தா, சரித்தா" என்றார். அவளும் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள்.

4

கம்பெனிக்கு நான்தான் கூட்டிப் போனேன், மொழிபெயர்க்க. காலையில் எல்லாம் நன்றாகவே நடந்தது. மேலாளர் மரியாதையான மனிதர். வெளியாட்கள் எல்லோருக்கும் வெள்ளைக் கோட்டும் தலைக்கு வலைத்தொப்பியும் கொடுத்தார்கள். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு நீலக் கோட்டு. எங்கள் பெட்டிகளை எடுத்து வந்து காட்டினார். காம்பு காய்ந்ததற்குப் பெட்டிக்குள் விரிக்கும் தாளை மாற்ற வேண்டும் என்று அவர் சொல்ல, அண்ணன் சரி என்று தலையாட்டினார். மதியத்துக்கு மேல் ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லிவிட்டு மேலாளர் வேறொரு கூட்டத்துக்குப் போனார்.

அப்போது நிலாவின் நர்சரியிலிருந்து அழைப்பு. வாந்தி எடுத்துவிட்டாள், உடனே வந்து கூட்டிப் போக வேண்டும். இங்கே 'உடனே' என்றால் உடனே. அண்ணனை வரவேற்பறை நாற்காலியில் உட்காரவைத்தேன்.

"இங்கனயே இரு. யாரு என்ன கேட்டாலும் 'சிஸ்டர் கம்மிங்'னு சொல்லு."

"போயிட்டு வாத்தா. புள்ளையப் பாரு மொதல்ல."

காய்ச்சலில் துவண்டிருந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. வரவேற்பறையின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதன் வழியே கீழே பழம் அடைக்கும் கூடம் தெரியும். நீளமான மேசையின் இரு பக்கமும் நீலக் கோட்டுகள். நடுவில் ஒரு வெள்ளைக் கோட்டு.

அண்ணன் கையில் கத்திரி இருந்தது. கொத்தை எடுத்து, அழுகல் மணியை வெட்டிப் போட்டு, டப்பாவில் வைத்து, அடுத்த கொத்தை எடுத்தார். கை அதுபாட்டுக்கு ஓடியது. ஒருமுறை அதிகமாக வைத்துவிட்டார் போலிருக்கிறது. பக்கத்தில் நின்ற பெண் சிரித்துக்கொண்டே டப்பாவிலிருந்து கொஞ்சம் எடுத்தார். அவரும் சிரித்தார். இந்த நாட்டுக்கு வந்த பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்க்கவில்லை.

ஓடைப்பட்டிப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. திராட்சை வெட்டு நடக்கும் தோட்டத்துக்கு யார் வந்தாலும், கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவராக இருந்தாலும், பேங்க்காரராக இருந்தாலும், பந்தலுக்குள் நுழைந்ததும் ஒரு கத்திரியை எடுத்து இரண்டு கொத்தாவது சுத்தம் செய்துவிட்டுத்தான் வந்த விஷயத்தைப் பேசுவார்கள். கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்று பார்க்கிறவர் குறை சொல்ல வந்தவர், இல்லையென்றால் விலையை இறக்க வந்தவர். அண்ணன் சமாதானம் பேச வந்தவர். குறை சொல்ல வந்தவர் போல எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பார்?

பக்கத்தில் யாரோ மூச்சு விடும் சத்தம் கேட்டது. மேலாளர் என்னருகே வந்து நின்று அதே கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தார்.

5

மேலே ஒரு சின்ன அறையில் நிற்கவைத்துக் கேட்டார்கள். மேலாளர், அண்ணன், நான், என் தோளில் நிலா. அந்த மேசைக்குப் பொறுப்பான பெண்ணும் கூப்பிடப்பட்டிருந்தார். அவரை இங்கே ஜெஸ்ஸி என்று சொல்கிறேன். எங்கள் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துக் கட்டப்பனைக்காரர். இரண்டு பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டு அந்தக் கம்பெனியின் விசாவில் வந்தவர். அந்த வேலை போனால் விசாவும் போகும்.

"யாராவது இவரை வேலை செய்யச் சொன்னார்களா?" என்று மேலாளர் கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

ஜெஸ்ஸி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் ஒரு கணம் கூட எடுத்துக்கொள்ளவில்லை. விமான நிலையத்துக்காக நான் எவ்வளவோ பழக்கியும் வராத வேகத்தில் சொன்னார்: "யாரும் சொல்லல. நானாத்தான் எடுத்தேன்னு சொல்லுத்தா."

சொன்னேன்.

மேலாளர் கத்தவில்லை. எங்களைப் போலவே அவரும் பயந்திருந்தார். வேலை செய்ய உரிமை இல்லாதவர் மேசையில் நின்றார் என்று வெளியே தெரிந்தால் கம்பெனிக்கு அபராதம் வரும், வெளிநாட்டு ஆட்களை எடுக்கும் அனுமதியே போகலாம் என்றார். சந்திப்பு இத்தோடு முடிந்தது, எங்களை வாசல்வரை கொண்டுவந்து விடுகிறேன் என்றார். விட்டார்.

காரில் ஏறிய பிறகு அண்ணன் உண்மையைச் சொன்னார். அன்று அவர்களுக்கு ஆள் குறைவு. லாரி காத்திருந்தது. கழிப்பறைக்குப் போய் வந்தவரைப் பார்த்து, மலையாளம் தெரியும் என்று தெரிந்ததும், ஜெஸ்ஸிதான் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார்: "சேட்டா, வெறுதே இரிக்குகயல்லே, ஒந்நு சகாயிக்காமோ?" சும்மாதானே இருக்கிறீர்கள், கொஞ்சம் உதவ முடியுமா என்று.

"அப்ப ஏண்ணே அவகதான் கூப்பிட்டாகன்னு சொல்லல?"

"அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்தியா?"

"பாக்கல."

"நான் பாத்தேன்."

கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னார்: "அது கேக்காட்டாலும் எடுத்திருப்பேன்த்தா. அதனால நான் சொன்னது பொய்யும் இல்ல."

இரண்டு வாரத்தில், அண்ணன் ஊர் திரும்பிய பிறகு, மின்னஞ்சல் வந்தது. உங்கள் பிரதிநிதி விசா நிபந்தனைகளை அறிந்தும் தாமாக மீறியிருக்கிறார். இந்த நிலையில் அடுத்த பருவத்துக்கு உங்களோடு ஒப்பந்தம் செய்ய இயலாது. 'தாமாக' என்ற அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டால் கதவு மறுபடி திறக்கும் என்று தோன்றியது. என் கணவருக்கும் அப்படித்தான் தோன்றியது.

"அவங்க ஆளே கூப்பிட்டுச்சுன்னு எழுது. உண்மைதான? ஒன் அண்ணன் பேரும் தப்பிக்கும்."

அண்ணனிடம் கேட்டேன். "எழுதாத," என்றார். "நமக்கு ஒரு வருசம் போகும். அந்தப் புள்ளைக்கு எல்லாமே போகும்."

ஆனால் போகப்போவது அவருடைய வருடம் மட்டும் இல்லையே. குழுவில் இருந்த அத்தனை வீட்டின் வருடமும் அதில் இருந்தது. அவர்களுடைய பந்தலை எடுத்து அண்ணன் யாரோ ஒரு கட்டப்பனைப் பெண்ணுக்குத் தானமாகக் கொடுக்கலாமா? கொடுக்கக் கூடாது என்று ஒரு நாள் மின்னஞ்சலை எழுதுவேன். மேலாளரின் பெயர்வரை எழுதிவிட்டு, அந்த இரண்டு பிள்ளைகள் ஞாபகம் வந்து மூடுவேன். அடுப்பில் பால் பொங்கி வழியும். நிலா வந்து பார்த்துவிட்டு, "அம்மா, மில்க்!" என்பாள்.

6

ஒரு சனிக்கிழமை மதியம் அண்ணன் எண்ணிலிருந்து அழைப்பு. எடுத்தால் குழுவில் மூத்தவரான சின்னச்சாமி பெரியப்பாவின் குரல். ஊரில் அப்போது மாலை. எல்லோரும் கூடியிருக்கிறார்கள், ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார்கள் என்றார். பின்னால் இருமலும் நாற்காலி இழுக்கும் சத்தமும் கேட்டன.

"ஆத்தா, நல்லாருக்கியா? பேத்தி நல்லாருக்காளா?"

"நல்லாருக்கோம் பெரியப்பா."

"ஒங்க அண்ணன் சொல்றது எங்களுக்கு வெளங்கல. நீ படிச்ச புள்ள, கூட இருந்தவ. அங்கன என்னதான் நடந்துச்சு?"

சொன்னேன். விசாவில் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று சொன்னேன். அண்ணன் கத்திரியை எடுத்ததைச் சொன்னேன். அதனால்தான் வேண்டாம் என்றுவிட்டார்கள் என்றேன்.

பிறகு பாண்டி அண்ணன் குரல். அவருடைய தோட்டம் எங்கள் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது.

"ஏத்தா, காதுல பூச்சுத்துறதுக்கும் ஒரு அளவு வேணாமா? திராட்சைய வெட்டுனதுக்கா வேணாம்னாக? திருடுனாத் தப்பு. குடிச்சிட்டு விழுந்தாத் தப்பு. ஒத்தாசை பண்ணுனது தப்பாக்கும்?"

"அங்கன சட்டம் அப்படித்தாண்ணே."

"நல்ல சட்டம்! நம்மூருல இருந்தா பாதிப் பேரு உள்ள இருக்கணும்."

யாரோ சிரித்தார்கள். அது வேடிக்கைக்குச் சிரித்த சிரிப்பாக இல்லை. இன்னொரு குரல் மெதுவாகத்தான் சொன்னது, ஆனால் ஸ்பீக்கரில் எனக்குத் தெளிவாகக் கேட்டது: "அவுகளுக்கு மட்டும் தனியாப் பேசி முடிச்சிருப்பாகப்பா. அண்ணனும் தங்கச்சியும். நமக்கு ஒரு கதை."

அண்ணன் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

"இருங்கப்பா," என்றார் பெரியப்பா. "ஆத்தா, ஒத்த வார்த்தை கேக்கேன். அவனாத்தான் கத்திரிய எடுத்தானா, அவுக ஆளு யாராச்சும் கூப்பிட்டாகளா? கூப்பிட்டிருந்தாகன்னா தப்பு அவுக மேல. நம்ம எல்லாருமாச் சேந்து எழுதிக் கேப்போம்."

அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி. அந்தக் கூட்டத்தில் எங்களை நம்ப விரும்பிய ஒரே மனிதர் அவர். அண்ணன் ஏதாவது சொல்வாரா என்று காத்திருந்தேன். அவர் மூச்சு விடுவது கேட்பது போல இருந்தது, யாருடைய மூச்சோ.

"யாரும் கூப்பிடல பெரியப்பா," என்றேன். "அண்ணனாத்தான் எடுத்துச்சு."

"சரித்தா," என்றார். "பேத்தியப் பாத்துக்க. வைக்கிறோம்."

அவர் குரலில் கோபம் இல்லை. மரியாதைதான் இருந்தது, வீட்டுக்கு வந்த அந்நியரை வழியனுப்புகிறபோது இருக்கிற மரியாதை.

7

குழு அந்த வருடமே கலைந்தது. அண்ணன் பழம் கம்பத்துக்குப் போகிறது. பாண்டி அண்ணன் வேலி ஓரம் பார்த்தாலும் தலையை மட்டும் அசைக்கிறாராம். போனால் போகட்டும் என்று அம்மா சொல்கிறாள். அவளுக்கும் முழு விஷயம் தெரியாது.

ஜெஸ்ஸி இந்த மாதம் வேறு நாட்டில் வேலை கிடைத்து இங்கிருந்து போய்விட்டார் என்று தெரிந்தது. அதனால்தான் எழுதுகிறேன். எழுதலாமா என்று அண்ணனைக் கேட்டேன். "எழுதுறதுன்னா எழுது. இனிமே நம்பி என்னாகப் போகுது?" என்றார். பெரியப்பாவோ மற்றவர்களோ இதைப் படிப்பார்களா தெரியாது. படித்தால், பிரசுரமானதால் நம்புவார்களா, இல்லை, படித்த பிள்ளை கதை கட்டியிருக்கிறாள் என்பார்களா? அன்றைக்கே சொல்லியிருந்தால்? இந்தக் கேள்வியோடு ஒரு வருடம் இருந்தாயிற்று. இன்னும் ஒரு பக்கமும் சாய முடியவில்லை.

கவிதாவுக்குக் கடைசியில் இப்படி எழுதினேன்: "அந்த விசாவில் வேலை எதுவும் பார்க்க முடியாது. எங்கே போனாலும், யார் கேட்டாலும், கையைக் கட்டிக்கொண்டே நிற்கச் சொல்." அவள் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினாள். அவள் கணவருக்கு அது எவ்வளவு கடினம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்.

ஒன்று மட்டும் பாக்கி. ஊரில் அந்தக் கூட்டம் நடந்த சில நாள் கழித்து அண்ணன் கூப்பிட்டார். தோட்டத்தைப் பற்றி, நிலாவின் சளியைப் பற்றி எல்லாம் பேசிவிட்டு, வைக்கப் போகிறபோது கேட்டார்.

"அந்தப் புள்ள வேலையில இருக்கால்ல?"

"இருக்காகண்ணே. நேத்துக்கூடப் பாத்தேன்."

"நல்லாருக்காளா?"

"நல்லாருக்காக."

பார்த்தது உண்மை. கடைத்தெருவில், எதிர்ப்பக்க நடைபாதையில் வந்துகொண்டிருந்தார். நான் கையை உயர்த்தினேன். என்னை அடையாளம் தெரிந்தது அவர் முகத்தில் தெரிந்தது. உடனே திரும்பி, தனக்கு எந்த வேலையும் இருக்க முடியாத ஒரு பூட்டுச் சாவிக் கடைக்குள் நுழைந்தார். நான் அந்த இடத்தைத் தாண்டிப் போகிறவரை வெளியே வரவில்லை. அதை அண்ணனிடம் இதுவரை சொல்லவில்லை. இதைப் படித்தால்தான் அவருக்குத் தெரியும்.